எண்பத்தேழாவது நிமிஷம்

திங்கட்கிழமை காலையில் கரும்பு வெட்டும் ஆட்களின் லாரி தொர்சாமி வீட்டு முனையில் நிற்காமல் போயிற்று.

அன்றைக்குத் தொர்சாமி வயலில் வெட்டுகிற முறை. அவன் மனைவி தன்மதி பதினாலு பேருக்கு ரொட்டி தட்டி அடுக்கி, டப்பா மீனில் தக்காளியைப் போட்டுக் குழம்பு வைத்து, எலுமிச்சை இலை போட்ட தேயிலைத் தண்ணீரைப் பெரிய கெண்டியில் இறக்கி மூடியிருந்தாள். பள்ளத்தில் இறங்கும்போது லாரி வழக்கம்போல வேகம் குறைந்தது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள். வண்டி பள்ளத்தை விட்டு ஏறி, கியர் மாற்றி, மேல்காட்டுப் பக்கம் போய்விட்டது. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சுக்ராஜ். கூட்டத்துக்குத் தலைவன், தன்மதிக்குக் கூடப்பிறந்த அண்ணன். நேரே சாலையைப் பார்த்தபடியே போனான். பின்னால் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழைக்கு ஒடுங்கி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன், கழுத்துத் துணியை அவிழ்த்துக் கொடிபோல உயரத் தூக்கிக் காட்டினான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

தொர்சாமி கொட்டகைக்கு அடியில் கத்திக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான்.

"போயிட்டாங்களா?" என்றான், நிமிராமல்.

"போயிட்டாங்க."

"உங்கண்ணன் இருந்தாரா?"

"இருந்தார். கழுத்து சுளுக்கிடுச்சு போல. இந்தப் பக்கம் திரும்ப முடியல அவருக்கு."

அவன் அரத்தைப் போடுவதை நிறுத்தவில்லை. அவள் ரொட்டிகளைப் பார்த்தாள். பதினாலு பேருக்குச் சுட்டதை இரண்டு பேர் எத்தனை நாளைக்குத் தின்பது? மேலே இருந்த நாலை எடுத்துவைத்துவிட்டு மீதியைத் துணியில் கட்டினாள்.

எல்லாம் சனிக்கிழமை வந்த வினை.

வைதாலி மாவட்டத்து அணி தேசியக் கால்பந்து லீகில் ஆட வந்து பதினெட்டு வருஷமாயிற்று. பட்டம் என்பது ஒரு தடவைகூட ஊருக்குள் வந்ததில்லை. இந்த வருஷம் கடைசி மேட்ச்சு வரைக்கும் வந்து நின்றார்கள். வந்தவர்கள் தலைநகரத்து அணி. வைதாலி ஜெயித்தால் வைதாலிக்குப் பட்டம். சமனாக முடிந்தாலே போதும், தலைநகரத்துக்குப் பட்டம். ஒரு வாரமாக ஊர் வேறு எதையும் பேசவில்லை. மில் சங்கு ஊதுகிறவன்கூடச் சனிக்கிழமை அரை நாளைக்கு ஆளை மாற்றிக்கொண்டான்.

காலம் தவறிய மழை வியாழக்கிழமை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழ்ப்பாலம் முழுகிற்று. தலைநகரத்து ஆட்டக்காரர்களும் ரெஃப்ரியும் முன்தினமே வந்துவிட்டார்கள். கோட்டோரம் கொடி பிடிக்கிற லைன்ஸ்மேன் ஒருவர் மட்டும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். ஊரில் பரீட்சை எழுதித் தேறிய நடுவர் ஒருவன்தான் உண்டு. பன்னிரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட மேட்ச்சுகளுக்கும் வட்டார மேட்ச்சுகளுக்கும் ஊதிக்கொண்டிருந்த தொர்சாமி. ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

தலைநகரத்து அணியின் மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். "உள்ளூர்க்காரரா? சரி. பார்ப்போம்" என்று சொல்லிச் சிரித்தார். சுக்ராஜ் மாவட்டக் கமிட்டியில் இருந்தான். மைதானத்துக்குள் போகிற மச்சானின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "மாப்ள, நம்ம கொடி இன்னிக்கு நல்லாத் தூங்கட்டும்" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தொர்சாமி சிரிக்கவில்லை.

தன்மதி கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில், தார்ப்பாய்க்கு அடியில், பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். மைதானம் மைதானமாகவா இருந்தது? நெல் நடலாம். பந்தை அடித்தால் பாதி தூரத்தில் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். இடைவேளைக்கு அப்புறம் வைதாலி ஒன்று போட்டுச் சமன் செய்தது. அப்புறம் அரை மணி நேரம் மூச்சு விடாமல் கத்தினார்கள், அவ்வளவுதான். எண்பத்தேழாவது நிமிஷத்தில் வலது பக்கம் வைதாலிக்கு ஒரு ஃப்ரீகிக் கிடைத்தது. அடித்த பந்து மழைக்குள்ளே உயர்ந்து வந்தது. வைதாலி ஆட்டக்காரன் அபிசாய் ஓடிப் போய்த் தலையால் முட்டினான். வலை உப்பிற்று.

மேடு முழுக்க எழுந்து நின்றது. தன்மதியின் பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தி தன் குடையை ஆற்றுப் பக்கம் விட்டெறிந்தாள். தன்மதியும் கத்தினாள். கத்திக்கொண்டே அந்த ஓரத்தைப் பார்த்தாள். வாய்க்கால் வழிந்து கணுக்கால் தண்ணீர் நின்ற கோட்டின் மேல் அவள் புருஷன் அசையாமல் நின்றிருந்தான். மஞ்சளும் சிவப்பும் கட்டம் போட்ட கொடி நேரே வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. பந்தை அடிக்கிற நேரத்தில் அபிசாய் எதிரணித் தடுப்புக்காரர்களைத் தாண்டி முன்னால் நின்றான், ஆஃப்சைடு, கோல் செல்லாது என்று அதற்கு அர்த்தம்.

பட்டம் தலைநகரத்துக்குப் போயிற்று; அதற்கப்புறம் நடந்த கலாட்டாவை ரேடியோவில் எல்லா ஊரும் கேட்டது. போலீஸ் வண்டியில் ஏற்றித்தான் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை தன்மதி சந்தைக்குப் போனாள். வெண்டைக்காய் ஒரு கூடை, காராமணி ஒரு கூடை, பச்சை மிளகாய். வழக்கமாக உட்காரும் இடத்தில் சாக்கை விரித்தாள். பக்கத்துச் சாக்குக்காரி பாக்வந்தி தன் கத்தரிக்காய்களை ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

"ஏன் பாக்வந்தி, என் வெண்டைக்காய் உன் கத்தரிக்காயைக் கடிக்குதா?"

"நான் யாரையும் ஒண்ணும் சொல்லலம்மா. கோட்டுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு பாக்கறவங்க நீங்க. நாங்க ஒதுங்கியே உக்காந்துக்கறோம்."

அந்தப் பக்கத்து மூன்று பேர் சிரித்தார்கள். மீன் விற்கிறவன் ஒருவன், "மதராஜிகிட்டக் கொடியைக் குடுத்தா அப்படித்தான். எதைப் பாத்தாலும் தூக்குவான்" என்றான்.

தன்மதி எழுந்து நின்றாள். கட்டையான உடம்புக்காரி, குரல் மட்டும் பெரிசு.

"ஆமாடா, மதராஜிதான், மதராஸ் வழி வந்தவர்தான். நானே தேடிக் கட்டிக்கிட்ட மதராஜி. அவர் கண்ணு முன்னாடி நடந்ததை அவர் சொன்னார். உள்ளூரு, மச்சான், மாமன்னு பாக்காம சொன்னார். பயந்தவனா இருந்தா கொடியைக் கால்சட்டைக்குள்ள சொருகிக்கிட்டு நின்னிருப்பான். உங்கள்ள ஒருத்தன் தூக்குவானா அந்த நேரத்துல? சொல்லு, தூக்குவியா?"

மீன்காரன் குனிந்து மீன்களுக்குத் தண்ணீர் தெளித்தான். ஆனால் அன்றைக்கு அவள் வெண்டைக்காயை யாரும் வாங்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். நனைந்த கூடை மடியில் கனத்தது. இருந்தாலும் வழியெல்லாம் தான் பேசியதை மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நன்றாகத்தான் பேசியிருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் சுக்ராஜ் வந்தான். செருப்பை வாசலிலேயே விட்டாலும் உள்ளே வரவில்லை. தாழ்வாரத்து மரப்பெட்டியில் உட்கார்ந்தான். தொர்சாமி விருந்தாளிக்குக் கொடுக்கிற யங்கோனா வேர்த் தூளைப் பாத்திரத்துத் தண்ணீரில் கரைத்து, சிரட்டையில் மொண்டு நீட்டினான். சுக்ராஜ் வாங்கிக் கீழே வைத்தான். குடிக்கவில்லை.

"மாப்ள, நான் சண்டைக்கு வரல. நாளையோட மனு குடுக்கற தேதி முடியுது. எனக்கு ஒரு காகிதம் வேணும்."

"என்ன காகிதம்?"

"ஒரே ஒரு வரி. மழையில சரியாப் பாக்கலன்னு. திரும்ப ஆட வெப்பாங்களோ இல்லியோ, கேக்கறதுக்காவது எங்க கையில ஒண்ணு இருக்கணும்ல? மழைடா. யாரா இருந்தாலும் தப்பு வரும். உன்னை யாரும் தொங்க விடமாட்டாங்க. ஊரு வாய மூடிக்கும். திங்கக்கிழமை எல்லா ஆளையும் கூட்டிட்டு வந்து நானே உன் கரும்புல நிக்கறேன்."

தொர்சாமி சிரட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொண்டையைச் செருமினான். ஏதோ சொல்ல வந்தது போலத்தான் இருந்தது.

தன்மதி சமையற்கட்டு வாசலில் நின்றபடியே முந்திக்கொண்டாள். "பாத்ததைப் பாக்கலன்னு எப்படிண்ணா எழுதறது? கரும்பு வெட்டறதுக்குக் கூலியா பொய்ச் சாட்சி கேக்கறியா? இதுக்கா இவ்வளவு தூரம் வந்த?"

"நீ சும்மா இரு தன்மதி. இது ஆம்பளைங்க விஷயம்."

"என் வீட்டுல, என் புருஷன் பேரு. எனக்கும் விஷயம்தான். அவர் எழுத மாட்டார். போ."

சுக்ராஜ் மச்சானின் முகத்தைப் பார்த்தான். "மாப்ள? நீ சொல்லு. அவ சொல்றதுதானா?"

தொர்சாமி கீழே இருந்த சிரட்டையை அவன் பக்கம் நகர்த்தி வைத்தான். பிறகு, "அவ சொல்றதுதான்" என்றான்.

"அப்ப மில்லு மூடறதுக்குள்ள ஒங்க கரும்ப நீங்களே வெட்டிக்கங்க" என்று சொல்லிவிட்டு சுக்ராஜ் மழைக்குள் இறங்கிப் போனான். சிரட்டை அப்படியே இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேருமாக வெட்ட ஆரம்பித்தார்கள். ஆறு ஏக்கர். வறண்ட காலத்தில் பதினாலு பேர் வெட்டினாலே ஒரு வாரமாகும். இப்போதோ மண் காலைப் பிடித்து இழுத்தது. அடிக்கட்டையில் வெட்ட வேண்டும், தோகையைச் சீவ வேண்டும், நுனியைக் கழிக்க வேண்டும், தூக்கிக்கொண்டு போய் வரப்பில் அடுக்க வேண்டும். கரும்பின் சுணை ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு கழுத்தெல்லாம் அரித்தது. தன்மதி அவன் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். பத்து மணிக்குள் இரண்டு கையிலும் கொப்புளம். தோகைக்குள்ளிருந்து கீரி ஒன்று குட்டியைக் கவ்விக்கொண்டு அடுத்த வரிசைக்கு ஓடிற்று.

மத்தியானம் மழை வலுத்தது. வரப்பில் அடுக்கிய கரும்பின் மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"விடுங்க" என்றாள் தன்மதி. "ஊரு இன்னும் ஒரு மாசம் பேசும். அப்புறம் வேற ஒருத்தன் கிடைப்பான். நாம செஞ்சது சரி."

"தன்மதி."

"ம்."

"நான் பாக்கல."

அவள் என்னவோ கீரியைப் பற்றிச் சொல்கிறான் என்று நினைத்தாள். "எதை?"

"அபி எங்க நின்னான்னு. பந்தை அடிக்கறதுக்கு முன்னாடி எனக்குக் கால் வழுக்கிடுச்சு. அந்தத் தண்ணியில. கீழ குனிஞ்சு பாத்தேன். கண்ண மூடித் தொறக்கற நேரம். நிமிர்ந்தா பந்து காத்துல வருது, அவன் தனியா முன்னால ஓடறான். அடிச்ச நேரத்துல பாத்திருக்கணும். அப்ப நான் என் காலைப் பாத்துட்டிருந்தேன்."

மழை சாக்கின் மேல் தடதடவென்று அடித்தது.

"பாக்கலன்னா ஏன் தூக்கினீங்க?"

"உங்கண்ணன் முதுகுல தட்டினது இன்னும் வலிக்கற மாதிரி இருந்துது. அந்த மேனேஜர் சிரிச்சது கண்ணுல நின்னுச்சு. தூக்கலன்னா, உள்ளூர்க்காரன் வேலையக் காட்டிட்டான்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன். இல்ல, நெனைக்கக்கூட இல்ல. கை மேல போயிடுச்சு. போன கையை எப்படி எறக்கறது? இருபதாயிரம் கண்ணு பாத்துட்டிருக்கு."

"அண்ணன் வந்து கேட்டப்ப ஏன் சொல்லல? அதே வரியத்தானே கேட்டார்! சரியாப் பாக்கலன்னு ஒரு வரி!"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ பேசிட்ட." அவன் கையிலிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "நீ அவ்வளவு கெட்டியாப் பேசினப்ப எனக்கே பாத்த மாதிரிதான் இருந்துது."

தன்மதிக்குச் சந்தையில் தான் எழுந்து நின்றது ஞாபகம் வந்தது. மீன்காரன் முகம், பாக்வந்தி முகம். உடம்பெல்லாம் அரித்தது. எழுந்து மழைக்குள்ளேயே போய் மறுபடி வெட்டத் தொடங்கினாள். ஒரு வரிசை முடித்துத் திரும்பி வந்து சொன்னாள்:

"தேதி முடிஞ்சு போச்சு. இனிமே சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்ல. யாருகிட்டயும் வாயத் தொறக்காதீங்க. கரும்பு முடியட்டும்."

அவன் தலையாட்டினான்.

புதன்கிழமை லாரி மேல்காட்டுக்குப் போகும்போது பள்ளத்தில் ஒருவன் குதித்து இறங்கினான். அபிசாய்தான். ஆற்றுக்கு மேலே இருக்கிற கிராமத்துக்காரன், இருபத்துமூன்று வயசு, பனைமரம் மாதிரி ஆள். சுக்ராஜ் கூட்டத்தில் நாலு வருஷமாக வெட்டுகிறவன். கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே வயலுக்கு வந்தான்.

"அண்ணி, எந்த வரிசை?"

தன்மதி கத்தியைத் தாழ்த்தினாள். "உன்னை அவங்க விட்டாங்களாடா?"

"கேட்டாத்தானே விடறதுக்கு? குதிச்சுட்டேன். சுக்ராஜ் அண்ணன் இன்னும் அங்க திட்டிட்டே போறார்."

"உன் கோலை அழிச்ச வீடு இது."

"நடுவர் வேலை அண்ணன் செஞ்சார். என் வேலைய நான்தான் சரியாச் செய்யல" என்று சொல்லிவிட்டு அவன் குனிந்தான். அவன் வெட்டுவதைப் பார்க்க வேண்டும். ஒரு வெட்டு, ஒரு சீவு, ஒரு வீச்சு. இரண்டு பேர் செய்ததைப்போல நாலு மடங்கு அவன் ஒருவனே சாய்த்தான். தொர்சாமி அவனுக்கு மூன்று வரிசை தள்ளியே வெட்டினான். பேச்சுக் கொடுத்தால் ஒரு சொல்லில் பதில் சொன்னான்.

வியாழக்கிழமை தன்மதி பலாக்காய்க் கறி வைத்தாள். வெள்ளிக்கிழமை சதுப்புக்காட்டு நண்டு நாலு கிடைத்தது, தேங்காய்ப் பாலில் வைத்தாள். சேம்பங்கிழங்கு வேகவைத்து ஒரு தட்டு. மழை விட்டு வெளிச்சம் வந்திருந்தது. மாமரத்தடியில் உட்கார்ந்து மூன்று பேரும் சாப்பிட்டார்கள். அபிசாய் நண்டுக் காலைக் கடித்துக்கொண்டே பேசினான்.

"எங்கப்பா பதிமூணு நாளா எங்கிட்டப் பேசறதில்ல, அண்ணி. அவரும் ஆடினவர்தானே. அவசரக்காரப் பயன்னு எங்கம்மாகிட்டச் சொல்றார். நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன், அவன்கிட்டச் சொல்லுங்கறார்."

"பெத்தவர்தானே. ரெண்டு நாள்ல சரியாயிடுவார்."

"நியூஸிலாந்துலேருந்து ஒருத்தர் வந்திருந்தார்ல. ஆக்லாந்து கிளப்புக்கு ஆள் பாக்க. ஞாயித்துக்கிழமையே போயிட்டார். போறப்போ கமிட்டியில சொன்னாராம், வேகம் இருக்கு, பொறுமை கிடையாது, முக்கியமான நேரத்துல முந்திடறான்னு." அவன் சிரிக்கப் பார்த்தான். "நெசந்தானே? தெனம் சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போறேன். என் தம்பி பந்தை அடிப்பான். அவன் அடிச்ச சத்தம் கேட்டப்புறம்தான் காலைத் தூக்கறதுன்னு பழகறேன். வரவே மாட்டேங்குது. காலு முன்னாடியே போயிடுது."

தொர்சாமி சேம்பங்கிழங்கைப் பிட்டு வாயில் வைக்காமல் வைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு நான் எவ்வளவு முன்னால நின்னேன்?"

தொர்சாமி தன்மதியைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். இன்னும் பாதிக்கு மேல் கரும்பு நின்றுகொண்டிருந்தது. மில் மூட மூன்று வாரம்.

"ஓரடி இருக்கும்" என்றான் தொர்சாமி.

"ஓரடியா?" அபிசாய் நண்டுக் காலைத் தட்டில் வைத்தான். "அரை அடிதான் இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன். ஓரடின்னா ரொம்பத் தப்பு." ஈரக் கைகளைப் புல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தான். "ஓரடி" என்றான் மறுபடியும், தனக்குள்.

"பொய்" என்றாள் தன்மதி.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவளுக்கே தன் குரல் யாருடையது போலவோ கேட்டது.

"அவர் சொல்றது பொய், அபி. ஓரடியுமில்ல, அரை அடியுமில்ல. இவர் பாக்கவே இல்ல. காலு வழுக்கிக் கீழ பாத்துட்டிருந்தார். பயத்துல கொடியைத் தூக்கிட்டார். எனக்கு நாலு நாளாத் தெரியும். கரும்பு முடியற வரைக்கும் சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன்."

தொர்சாமி தலையைக் குனிந்துகொண்டான். மரத்திலிருந்து தண்ணீர் சொட்டிற்று. அபிசாய் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அப்ப நான் முன்னால நிக்கலியா?"

"தெரியாதுடா."

"தெரியாதுன்னா?"

"நின்னிருக்கலாம். நிக்காமயும் இருந்திருக்கலாம்."

"ரெஃப்ரி?"

"அவர் இவரோட கொடியைத்தானே பாத்தார்?"

"வேற யாராவது பாத்திருப்பாங்கள்ல?"

"பாக்கறதுக்குன்னு நின்னவர் இவர் ஒருத்தர்தான், அபி."

அவன் தொர்சாமி பக்கம் திரும்பினான். தொர்சாமி ஏதோ சொன்னான். மன்னிச்சுக்கோ என்பது மாதிரி இருந்தது. வார்த்தை சரியாக வெளியே வரவில்லை. அபிசாய் எழுந்து, தொட்டியில் கையைக் கழுவி, கத்தியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனான். போய்விடுவான் என்று தன்மதி நினைத்தாள். போகவில்லை. விட்ட வரிசையிலிருந்து ஆரம்பித்தான். அன்றைக்கு அவன் வெட்டின வேகத்தை அவள் பிற்பாடும் மறக்கவில்லை. கரும்பா சாய்ந்தது? மூச்சு விடாமல், தண்ணீர் குடிக்காமல், வரிசை முடிகிற வரைக்கும் வெட்டினான். எல்லாவற்றையும் சுமந்து வந்து நுனி ஒரு பக்கம் அடி ஒரு பக்கமாகச் சீராக அடுக்கினான். பொழுது சாய்ந்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் சாலையில் நடந்து போய்விட்டான்.

சனிக்கிழமை வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. லாரியிலும் அவன் இல்லை.

இனி ஊரே திரண்டு வரும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். அபி சொல்லியிருப்பான், ஒரு கிராமத்துக்குச் சொன்னால் போதும், மறுநாள் மாவட்டத்துக்கே தெரியும். மோட்டார் சத்தம் கேட்டாலே தொர்சாமி கத்தியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றான். வரட்டும் என்பதுபோல நின்றான். ஒருவரும் வரவில்லை.

முடிந்தவரைக்கும் இரண்டு பேரும் வெட்டினார்கள். நவம்பர் கடைசியில் மில் நீளமாகச் சங்கு ஊதி மூடிற்று. மேற்கு ஓரத்தில் இரண்டு ஏக்கர் அப்படியே நின்று, வெள்ளைப் பூ பூத்துக் காற்றில் சாய்ந்தது.

அதற்கு முன்பே, தீபாவளியன்று, சுக்ராஜ் ஒரு தட்டு நிறைய இனிப்போடு வந்தான். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"நடந்தது நடந்துபோச்சு மாப்ள. கோவத்துல நானும் பேசிட்டேன். அடுத்த வருஷம் கரும்பு வெட்ட உன் முறைதான் முதல்ல. யோசிச்சுப் பாத்தேன். சொந்த ஊருன்னு பாக்காம, பட்டம் போவுதுன்னும் பாக்காம தூக்கின பாரு, அதுக்கு ஒரு நெஞ்சு வேணும்டா. தலைநகரத்துலயே சொல்லிக்கறாங்களாம், வைதாலியில ஒரு யோக்கியன் இருக்கான்னு. கமிட்டியில பேசிட்டேன், வர்ற வருஷம் உன்னைத் தேசிய லிஸ்டுல சேக்கறோம்."

தொர்சாமி எழுந்து வெளியே போனான். கொட்டகைப் பக்கம் அவன் வாந்தியெடுக்கிற சத்தம் கேட்டது.

"என்னாச்சு அவனுக்கு?" என்றான் சுக்ராஜ்.

"வயிறு சரியில்ல" என்றாள் தன்மதி.

மறுநாள் தொர்சாமி சட்டை, விசில், கொடி, பரீட்சைச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கமிட்டிக்குக் கொடுத்தனுப்பினான். பள்ளிக்கூட மேட்ச்சுக்குக்கூட அதற்கப்புறம் போகவில்லை. வயசாயிடுச்சு, கண்ணு தெரியல என்று சொல்லிக்கொண்டான். அடக்கமான மனுஷன் என்று ஊர் அதற்கும் பாராட்டியது. பாக்வந்தி தன் சாக்கைத் தன்மதியின் சாக்கோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள். "உன் புருஷன் மாதிரி ஆம்பளை எங்க இருக்கான் இப்ப?" என்று ஒருநாள் அவள் சொன்னபோது தன்மதி மிளகாயைப் பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டாள்.

மார்ச் மாதம், புது சீசன் ஆரம்பித்து மூன்று மேட்ச்சு முடிந்திருந்தது. சந்தைக்குச் சேம்பங்கிழங்கு ஏற்றி வந்த லாரியிலிருந்து அபிசாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். தன்மதி தன் கூடைகளைப் பாக்வந்தியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவனிடம் போனாள்.

"அபி."

"வாங்க அண்ணி. அண்ணன் நல்லா இருக்காரா?"

"இருக்கார்." அவளுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. தெரிந்ததைக் கேட்டாள். "நீ யாருகிட்டயும் சொல்லலியே, ஏன்?"

அவன் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தான்.

"சொல்லத்தான் போனேன். அன்னிக்கு ராத்திரி நேரா எங்கப்பாகிட்டத்தான் போனேன். உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். அவர் கேட்டுட்டு, அப்ப நீ முன்னால நிக்கலன்னு தெரிஞ்சுபோச்சான்னார். இல்லப்பா, அது தெரியலன்னேன். அப்ப எதைச் சொல்லறதுக்குடா வந்தன்னு கேட்டார்." அவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். "நானும் யோசிச்சேன். அவர் கேக்கறது சரிதான். எதைச் சொல்லறது?"

"எம்மேல கோவமிருந்தா திட்டிடுடா."

"இல்ல அண்ணி. ஓரடின்னு அவர் சொன்னதோட விட்டிருக்கலாமோன்னு சில நாள் தோணும். ஓரடின்னா பழகிச் சரி பண்ணிடலாம்ல?"

லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். அபிசாய் கையைக் காட்டி அவனை நிறுத்தினான்.

"ஆடறியா இப்ப?" என்றாள் தன்மதி. "போட்டியா கோலு?"

"ஆடறேன். இன்னும் போடல." அவன் மூட்டையை மறுபடி தூக்கித் தோளில் வைத்து, கழுத்தைச் சாய்த்து இடம் பண்ணிக்கொண்டான். "என்னன்னே தெரியல அண்ணி. ஓடறதுக்கு முன்னால ஒரு தரம் கோட்டோரக் கொடியைத் திரும்பிப் பாக்கறேன். அதுக்குள்ள பந்து போயிடுது."

அவன் கிழங்குக் கடைப் பக்கம் நடந்தான். தன்மதி அங்கேயே நின்றாள். அவள் பெயரைச் சொல்லிப் பாக்வந்தி இரண்டு தடவை கூப்பிட்டாள். வெண்டைக்காய் கேட்டு ஆள் வந்திருந்தது.